முகவாய் முடிக்கு லேசர்: எட்டு அமர்வுகள்

பன்னிரண்டு ஆண்டுகளாக என் முகவாயில் வளர்ந்த முடியை நானே பிடுங்கிக்கொண்டிருந்தேன். காலையில் கண் விழித்ததும் கட்டைவிரலால் முகவாயின் அடிப்புறத்தைத் தடவிப் பார்ப்பேன். முள்போல் ஏதாவது தட்டுப்பட்டால் இடுக்கியுடன் ஜன்னலோர வெளிச்சத்துக்குப் போய்விடுவேன். பிடுங்கிய இடங்களில் சில முடிகள் தோலுக்கு அடியிலேயே சுருண்டு வளர்ந்து, சீழ்க்கொப்புளமாகி, ஆறிய பிறகு கரும்புள்ளிகளாகத் தங்கிவிட்டன. முடியைவிட அந்தப் புள்ளிகள்தான் என்னை லேசர் சிகிச்சைக்கு அனுப்பின.

முதலில் போன இடத்தில் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்கு முந்தைய வாரம் முழுவதும் வெயிலில் அலைந்து முகம் கறுத்திருந்ததை யாரும் பொருட்படுத்தவில்லை. சிறிய இடத்தில் சோதித்துப் பார்க்காமல் அன்றைக்கே தொடங்கிவிட்டார்கள். இரண்டு நாளில் தாடையோரத்தில், கருவியின் முனை எந்த வடிவில் இருந்ததோ அதே செவ்வக வடிவில், நான்கு கருந்திட்டுகள் தோன்றின. அவை முழுவதும் மங்க ஏழு மாதங்கள் ஆயின. அந்தத் திட்டுகளைக் காட்டத்தான் தோல் மருத்துவரிடம் போனேன். என் உண்மையான சிகிச்சை அங்கேதான் தொடங்கியது.

அவர் லேசரைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, எடை கூடியிருக்கிறதா, முடி மெல்ல மெல்ல வந்ததா அல்லது திடீரென்று வந்ததா என்று கேட்டார். டெஸ்டோஸ்டிரோன், புரோலாக்டின், தைராய்டு ஆகிய ஹார்மோன்களுக்கு ரத்தப் பரிசோதனையும் சினைப்பைக்கு ஸ்கேனும் எழுதிக்கொடுத்தார். எனக்குப் பி.சி.ஓ.எஸ். என்ற, சினைப்பையைப் பாதிக்கும் ஹார்மோன் கோளாறு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. “இருக்கிற முடியை லேசர் பார்த்துக்கொள்ளும், புதிதாக வரச்சொல்லும் ஹார்மோனை மாத்திரைதான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்றார். முகத்தில் முரட்டு முடி வளரும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் நான் சொல்ல விரும்புவது இந்த ஒன்றைத்தான்: முடி ஏன் வளர்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் லேசருக்குப் போகாதீர்கள்.

முடிக்குக் கருமை தரும் மெலனின் நிறமி லேசர் ஒளியை உறிஞ்சி வெப்பமாக மாற்றுகிறது. அந்த வெப்பம் முடியின் வேர் வழியே பரவி, மீண்டும் முடியை வளர்க்கும் செல்களைச் சிதைக்கிறது. ஒளியின் அலைநீளத்தையும் அது பாயும் நேரத்தையும் சரியாகத் தேர்ந்தால், சுற்றியுள்ள திசு வேகாமல் குறிவைத்த பொருளை மட்டும் சூடாக்க முடியும் என்ற கொள்கையை ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் 1983-இல் வெளியிட்டார்கள். இந்தச் சிகிச்சை அதன்மேல் எழுந்ததுதான். சிக்கல் என்னவென்றால், அதே மெலனின் தோலின் மேற்பரப்பிலும் இருக்கிறது. வெளிர்ந்த தோலில் கறுத்துத் தடித்த முடி உடையவர்களுக்கு 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசர் எளிதாகப் பலன் தருகிறது. என்னைப் போன்ற கரிய தோலில் அந்த ஒளியைத் தோலே முதலில் வாங்கிக்கொண்டு புண்ணாகிவிடக்கூடும். எனக்கு 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசரைத் தேர்ந்தார்கள். அந்த ஒளியை மெலனின் குறைவாகவே உறிஞ்சுவதாலும் அது ஆழமாக இறங்குவதாலும் கரிய தோலுக்கு அதுவே பாதுகாப்பானது. கரிய தோலுக்கு லேசர் ஆகாது என்று பலர் என்னிடம் சொல்லியிருந்தார்கள். எந்த லேசர் என்பதுதான் கேள்வி.

நரைமுடிக்கும் பொன்னிற முடிக்கும் ஒளியைப் பிடித்துக்கொள்ள நிறமி போதாது. ஆகவே லேசரால் பயனில்லை. பூனைமுடிக்கும் அப்படித்தான். என் கன்னத்து மென்முடியையும் சேர்த்து எடுத்துவிடும்படி நான் கெஞ்சியபோது மருத்துவர் உறுதியாக மறுத்துவிட்டார். முகத்திலும் கழுத்திலும் மென்முடிமேல் லேசர் பட்டால், சிலருக்கு அது அழிவதற்குப் பதில் தூண்டப்பட்டு, கறுத்து, அடர்ந்து வளர்ந்துவிடுவதுண்டு என்றார். அன்று வருத்தப்பட்டேன், இன்று அந்த மறுப்புக்கு நன்றியுடன் இருக்கிறேன்.

சோதனைக்காகத் தாடைக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் சில முறை ஒளியைச் செலுத்தி, தோல் எப்படி ஏற்கிறது என்று பார்த்த பிறகே முதல் அமர்வுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பிருந்தே பிடுங்கவோ, த்ரெடிங், வேக்சிங் செய்யவோ கூடாது. வேரோடு முடி போய்விட்டால் லேசருக்குக் குறியே இருக்காது. மழித்துக்கொள்ளலாம். முகத்தில் ரேசரை வைக்கவே எனக்குக் கை வரவில்லை. மழித்தால் முடி தடித்துவிடும் என்பது உண்மையல்ல, வெட்டுப்பட்ட நுனி மொட்டையாக இருப்பதால்தான் சொரசொரப்பாகத் தெரிகிறது என்று மருத்துவர் விளக்கிய பிறகே துணிந்தேன்.

அமர்வின்போது கண்களை முழுதும் மூடும் கவசம் அணிவித்தார்கள். குளிர்ந்த முனை தோலில் பதிந்ததும், ரப்பர் பேண்டை இழுத்துவிட்டாற்போல் ஒரு சுரீர். கூடவே முடி கருகும் வாசனை. முகவாயில் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தபோது ஒவ்வொரு மயிர்க்காலைச் சுற்றியும் சிவந்த சிறு மேடு எழும்பியிருந்தது. ஒளி சேரவேண்டிய இடத்தில் சேர்ந்ததற்கு அதுவே அடையாளம் என்றார்கள். மாலைக்குள் அது அடங்கியது. பத்தாம் நாள் முடி மறுபடி வளர்வதாகக் கண்டு கலங்கிப்போனேன். உண்மையில் அவை இறந்த முடிகள். தோல் அவற்றை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. முகம் துடைத்த வெள்ளைத் துண்டில் மிளகுத்தூள்போல் அவை ஒட்டியிருந்ததைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எல்லா முடியும் ஒரே நேரத்தில் வளர்வதில்லை. வளரும் கட்டத்தில் உள்ளவை மட்டுமே லேசருக்கு நன்றாகக் கட்டுப்படும். அதனால்தான் ஐந்து வார இடைவெளியில் எட்டு முறை போக வேண்டியிருந்தது. இடைப்பட்ட நாட்களில் சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போகவில்லை.

கர்ப்ப காலத்தில் இதைத் தள்ளிப்போடுவது வழக்கம். பச்சை குத்திய இடத்திலும் கண்ணையொட்டிய பகுதியிலும் செய்யக்கூடாது. வெயில் பட்டால் தோலைப் பாதிக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், வெண்புள்ளியோ தடித்தெழும் தழும்போ உடையவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மழித்த தாடியில் அடிக்கடி கொப்புளம் வரும் ஆண்களுக்கும் இது நன்றாகப் பொருந்துகிறது.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இந்தக் கருவிகளுக்கு அனுமதித்திருக்கும் சொல் ‘முடியை நிரந்தரமாகக் குறைத்தல்’ என்பதே, ‘நீக்குதல்’ அல்ல. என் அனுபவமும் அதுவே. முரட்டு முடிகளில் பெரும்பகுதி போய்விட்டது. மீண்டு வருபவை மெலிந்து வருகின்றன, ஆறு மாதத்துக்கு ஒரு முறை அவற்றுக்காகப் போகிறேன். மாத்திரை தொடர்கிறது. இப்போது முகவாயில் ஏழு நரைமுடிகள் மட்டும் இருக்கின்றன. அவற்றுக்கு, ஒவ்வொரு மயிர்க்காலுக்குள்ளும் நுண்ணிய ஊசியை இறக்கி மின்சாரம் செலுத்தும் எலெக்ட்ராலிசிஸ்தான் வழி. வரும் மாதம் அதற்கு நாள் குறித்திருக்கிறேன்.