சூப்பர்ஹெட் சுற்றுப்படம்: வெக்டர் கோப்பில் தமிழ் எழுத்து ஒருவழியாகச் சரியாக நின்றது

இசிஎச்81, இபிஎஃப்89, இசிஎல்82, இஇசட்80 என்ற நான்கு வால்வுகளை (வெற்றிடக் குழல்களை) கொண்ட சூப்பர்ஹெட் ரேடியோவின் (அலையை இடைநிலை அதிர்வெண்ணுக்கு மாற்றிப் பெருக்கும் வகை) சுற்றுப்படத்தைத் தமிழ்க் குறிப்புகளோடு எஸ்விஜி என்ற வெக்டர் கோப்பாக (படத்தைப் புள்ளிகளாக அன்றிக் கோடுகளாகச் சேமிக்கும் வகை) வரைந்துவரும் வேலையில், ஒலிபெருக்கிப் பகுதி வரை முடிந்துவிட்டது. அதைவிடப் பெரிய செய்தி, படத்திலுள்ள ‘டோன் கன்ட்ரோல்’ என்ற குறிப்பு இப்போது மேசைக் கணினியிலும், மடிக்கணினியிலும், வீட்டிலிருக்கும் எல்லாக் கைப்பேசிகளின் உலாவிகளிலும் ஒரே மாதிரி தெரிகிறது என்பதுதான். இதற்குப் பட்ட பாடு சுற்றை வரைவதற்குக்கூடப் படவில்லை.

சுற்றுப்படத்துக்கு வெக்டர்தான் ஏற்றது என்பதை இங்கே விளக்க வேண்டியதில்லை. ஐஎஃப் (இடைநிலை அதிர்வெண்) டிரான்ஸ்ஃபார்மருக்கு அருகே நெருக்கியடித்து நிற்கும் மின்தடை மதிப்புகளைப் புள்ளிகளாலான பிஎன்ஜி படத்தில் பெரிதாக்கிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். என் ஆதங்கமெல்லாம் காலத்தைப் பற்றியது. எஸ்விஜி 2001ஆம் ஆண்டிலேயே வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரைத் தரமாகிவிட்டது. ஆனாலும் அடோபியின் செருகுநிரலை நிறுவிக்கொண்டுதான் வெகுநாள் பார்க்க வேண்டியிருந்தது. 2005இல் ஃபயர்ஃபாக்ஸ் 1.5 அதைத் தானாகவே காட்டத் தொடங்கியது. 2009 தொடக்கத்தில் அடோபி அந்தச் செருகுநிரலுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டபோதும், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு எஸ்விஜி தெரியாது. 2011இல் ஒன்பதாம் பதிப்பு வந்த பிறகுதான் தெரிந்தது. தரம் வகுக்கப்பட்டுப் பத்தாண்டுகள் வரை, உலகில் மிகுதியாகப் புழங்கிய உலாவியே அதைப் புறக்கணித்திருந்தது என்றால், சாதாரணப் பயனர் அந்தக் கோப்பு வகையின் பெயரைக்கூட அறியாமல் இருந்ததில் வியப்பில்லை.

இன்று எல்லா உலாவிகளும் எஸ்விஜியைக் காட்டுகின்றன என்பது உண்மைதான், ஆனால் தமிழ் எழுத்து சேரும்போது அந்த ஆதரவு எவ்வளவு மெல்லியது என்பது வெளிப்படுகிறது. எஸ்விஜி கோப்பை வலைப்பக்கத்தில் படமாக, அதாவது ‘இமேஜ்’ குறிச்சொல்லின் வழியாகச் சேர்த்தால், பாதுகாப்புக் கருதி உலாவி அந்தக் கோப்புக்கு வெளியே உள்ள எதையும் எடுத்துத் தராது. பக்கத்துக்காக நீங்கள் ஏற்றிவைத்திருக்கும் எழுத்துருவும் அதற்கு எட்டாது. எஸ்விஜி நிரலைப் பக்கத்துக்குள்ளேயே நேரடியாக ஒட்டிவிட்டால் எழுத்துரு கிடைக்கும் என்றாலும், அந்தப் படத்தை ஒருவர் தனியே சேமித்து எடுத்துச் சென்றால் மீண்டும் அதே சிக்கல்தான். எனவே எழுத்துருவையே பேஸ்64 முறையில் (தரவை வெறும் எழுத்துகளாக மாற்றும் முறை) கோப்புக்குள் புதைப்பதென்று முடிவு செய்தேன். முழு எழுத்துருவையும் புதைத்தால் சுற்றுப்படத்தைவிட எழுத்துரு பெரிதாகிவிடும், பேஸ்64 அதை மேலும் மூன்றில் ஒரு பங்கு பெருக்கும். ஆகவே எழுத்துருக்களைக் கையாளும் ஃபான்ட்டூல்ஸ் தொகுப்பிலுள்ள பைஎஃப்டிசப்செட் கருவியால் தேவையான எழுத்துகளை மட்டும் வெட்டியெடுத்தேன்.

இந்த வெட்டும் வேலையில்தான் சூட்சுமம் இருக்கிறது. ‘ோ’ யூனிகோடில் தனி எண் பெற்ற குறியானாலும், வரையும்போது அது ‘ே’, ‘ா’ என இரண்டாகப் பிரிந்து மெய்யெழுத்தின் இருபுறமும் அமர வேண்டும். ‘டோன்’, ‘சோக்’ என்ற இரண்டே சொற்கள் உள்ள சிறு படத்துக்கு, அந்தச் சொற்களின் எழுத்துகளை மட்டும் கொடுத்து வெட்டினால், ‘ே’யும் ‘ா’வும் தனியாக எங்கும் வராததால் விடுபட்டுப்போக வாய்ப்புண்டு, ஆகவே துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு ஆகியவற்றை எப்போதும் பட்டியலில் தனியே சேர்த்துவிடுகிறேன். ‘கு’, ‘டு’, ‘மூ’ போன்றவை ஒவ்வொன்றும் தனி வடிவம் என்பதால், அவற்றைக் கூட்டித் தரும் ஜிசப் அட்டவணையும் வெட்டுப்படாமல் நிற்க வேண்டும். பைஎஃப்டிசப்செட் அதைக் காப்பாற்றித் தருகிறது. அந்த அட்டவணையைக் கழித்துவிடும் கருவியிடம் அகப்பட்டால் ‘டு’ இரண்டு துண்டாக நிற்கும். ஓம் குறிக்கும் மைக்ரோ குறிக்கும் யூனிகோடில் இரண்டிரண்டு எண்கள் இருப்பது இன்னொரு தொல்லை: வெட்டும்போது ஒன்றையும் படத்தில் மற்றொன்றையும் பயன்படுத்தினால், அந்த ஒரு குறி மட்டும் வேறு எழுத்துருவில் தடித்துத் தெரியும்.

இத்தனையும் உலாவிக்குள் மட்டுமே செல்லுபடியாகும். லினக்ஸ் பணிமேசைகள் பலவற்றில் எஸ்விஜியை வரைந்து தரும் லிப்ஆர்எஸ்விஜி, புதைத்த எழுத்துருவைக் கண்டுகொள்வதில்லை, இங்க்ஸ்கேப் என்ற வெக்டர் வரைமென்பொருளும் அப்படித்தான். விண்டோஸ் கோப்பு உலாவி எஸ்விஜிக்குச் சிறுபடம் காட்ட வேண்டுமானால் பவர்டாய்ஸ் போன்ற துணை நிரல் வேண்டும். ஆண்ட்ராய்டு 5.0 முதல் செயலிகளுக்குத் தனியாக ஒரு வெக்டர் வடிவம் இருக்கிறது, ஆனால் அதில் எழுத்து என்ற உறுப்பே கிடையாது. நண்பர்கள் குழுவுக்கு நான் அனுப்பிய படம், படமாகத் தெரியாமல் வெறும் ஆவணமாகப் போய் விழுந்தது. பாதிப்பேர் திறக்கவே இல்லை. எஸ்விஜிக்குள் தீய நிரல் ஒளிந்திருக்கலாம் என்று செயலிகள் அஞ்சுவது நியாயமானதே என்றாலும், அதற்கு மருந்து நிரலை நீக்கிக் காட்டுவதேயன்றிப் படத்தையே மறுப்பதன்று.

ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு கோப்புகள் வைத்துக்கொள்கிறேன்: எழுத்து எழுத்தாகவே உள்ள மூலம் ஒன்று, எழுத்துகளையெல்லாம் கோடுகளாக மாற்றிய பகிர்வுப் பிரதி ஒன்று. இங்க்ஸ்கேப்பில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுக்கும்போது, மாற்றப்பட்ட கோடுகளின் தொகுதியில் ‘ஏரியா-லேபிள்’ என்ற பண்பாகப் பழைய சொல் தங்கிவிடுகிறது. ‘மின்தேக்கி’ என்று தேட விரும்புபவர் கோப்பை உரைத் தொகுப்பானில் திறந்தால் அந்தச் சொல் அங்கே கிடைக்கும்.

மின்வழங்கிப் பகுதி இன்னும் வரையவில்லை. அதற்குள் உண்மை ரேடியோவின் பக்கம் மனம் ஓடிவிட்டது: வடிகட்டும் எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கிகள் உப்பிப்போயிருக்கின்றன, 350 வோல்ட் தாங்கும் புதியவை வேண்டும். சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைத்துவிடும். இஇசட்80 வால்வுக்குத்தான் பழைய பொருள் விற்பவர்களை நாட வேண்டியிருக்கும். மின்தேக்கியின் மதிப்பு உறுதியானதும் அதைப் படத்தில் எழுதிவிட்டு, எழுத்துருவை மறுபடியும் வெட்ட வேண்டும்.