பொருளடக்க வரியில் கை வைக்காதீர்கள்

வேர்டில் பொருளடக்கத்தைச் செருகி, நாலைந்து வரிகளை மட்டும் தடிமனாக்கி, எழுத்தைப் பெரிதாக்கி வைப்போம். அடுத்த முறை பட்டியலைப் புதுப்பிக்க எஃப்9 தட்டியதும் அத்தனையும் போய்விடும். ஆல்ட்+எஃப்9 அழுத்திப் பார்த்தால் காரணம் புரியும்: பட்டியல் மறைந்து, டிஓசி (டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ், அதாவது பொருளடக்கம்) என்று தொடங்கும் ஒற்றை வரிக் கட்டளைதான் நிற்கும். புதுப்பிக்கும்போதெல்லாம் வேர்ட் தலைப்புகளைத் திரட்டி வரிகளைப் புதிதாக எழுதுகிறது. மறுபடி ஆல்ட்+எஃப்9 அழுத்தினால் பட்டியல் திரும்பிவிடும்.

ஆகவே மாற்ற வேண்டியது வரியை அல்ல, அதன் தோற்றத்தைத் தீர்மானிக்கும் ஸ்டைலை. ஹெடிங் 1-க்கு டிஓசி 1, ஹெடிங் 2-க்கு டிஓசி 2 என்று தனித்தனி ஸ்டைல்கள் உண்டு. ரெஃபரன்ஸஸ் → டேபிள் ஆஃப் கன்டென்ட்ஸ் → கஸ்டம் போய், ஃபார்மேட்ஸ் என்ற இடத்தில் ‘ஃப்ரம் டெம்ப்ளேட்’ இருக்கிறதா என்று பாருங்கள். வேறு ஏதாவது இருந்தால் மாடிஃபை பொத்தான் மங்கியே கிடக்கும்.

பக்க எண் நேர்க்கோட்டில் நிற்காததுதான் பெரிய தலைவலி. புள்ளிகளைக் கையால் தட்டுவது வீண் வேலை. டிஓசி 1-ஐ மாடிஃபை செய்து, ஃபார்மேட் → டேப்ஸ் திறந்து, முதலில் ‘கிளியர் ஆல்’ கொடுங்கள். பழைய டேப் (எண் போய் நிற்கும் இடக்குறி) மிச்சமிருந்தால் எண் நடுவழியில் நின்றுவிடும். ஏ4 தாளின் அகலம் 21 செ.மீ. இருபுறமும் 2.54 ஓரம் என்றால் டேப் 15.92-இல் வர வேண்டும். பைண்டிங்குக்காக இடது ஓரத்தை 3.81 ஆக்கியிருந்தால் 14.65. அந்த எண்ணைத் தட்டி, ரைட், லீடர் 2 (புள்ளிக்கோடு) தேர்ந்து, செட் கொடுங்கள். அளவு இடது ஓரத்திலிருந்து எடுக்கப்படுவதால், உள்தள்ளிய டிஓசி 2, 3-க்கும் இதே எண்தான்.

தமிழில் ஒரு சிக்கல் கூடுதல். ஃபான்ட் பெட்டியில் மேலே லத்தீன், கீழே காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ் என்று இரண்டு பகுதிகள். மேலே 14 போட்டால் பக்க எண் பெரிதாகும், தமிழ் அப்படியே இருக்கும். யூனிகோடு தமிழுக்கு எழுத்துரு, அளவு, தடிமன் மூன்றையும் கீழே தர வேண்டும். யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் தட்டிய தலைப்பு என்றால் நேர்மாறு: வேர்டுக்கு அது ஆங்கில எழுத்து. டிஓசி ஸ்டைலின் லத்தீன் பகுதியில் பாமினியைத் தராவிட்டால் பொருளடக்கம் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகிவிடும். தந்தாலும், தலைப்புக்குள் உள்ள ஆங்கிலச் சொற்கள் சிதையும். யூனிகோடுக்கு மாற்றிவிடுவதே நல்லது.

பொருளடக்கத்தில் ஒரு முழுப் பத்தியே வந்து உட்கார்ந்தால், அந்தப் பத்திக்குத் தவறிப்போய் ஹெடிங் ஸ்டைல் ஒட்டியிருக்கும். ஒரு தலைப்பு இரண்டு தனிப் பதிவுகளாக உடைந்து வந்தால், அதன் நடுவே என்டர் இருக்கும்.

தலைப்பைத் திருத்திய பிறகு எஃப்9 தட்டினால் வேர்ட் இரண்டு வழி கேட்கும். பக்க எண்ணை மட்டும் என்றால் பழைய தலைப்பே நிற்கும்; ‘என்டயர் டேபிள்’ கொடுங்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் ‘புக்மார்க் நாட் டிஃபைன்ட்’ என்று வந்தாலும் இதுதான் முதல் மருந்து. பிடிஎஃப் எடுக்கும் முன் ஒருமுறை செய்துவிடுங்கள்.