ஆணியில்லாப் பெட்டி, அடுக்கிய தலையணை, சிவப்பு நூல்

நம் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பழைய வீட்டில் செல்வம் என்றால் தானியம். மூங்கிலில் பின்னிச் சாணி மெழுகிய தொம்பையில் ராகி எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதை வைத்தே ஒரு குடும்பத்தின் நிலைமை தெரிந்துவிடும். டிரான்சில்வேனியாவின் ஹங்கேரிய கிராமங்களிலும், அங்கே குடியேறிய ஜெர்மானியர்களான சாக்ஸன்களின் கிராமங்களிலும் தொம்பையின் வேலையைச் செய்தது துணி. இன்றைக்கு அந்த மலைப்பகுதி ருமேனியாவில் இருக்கிறது. அங்கே கலோட்டாசெக் என்ற வட்டாரத்து வீட்டுக்குள் போனால் தெருப்பக்க அறையில் ஒரு கட்டில் இருக்கும். அதன்மேல் மெத்தை, மடித்த போர்வை, அதற்கும் மேலே தலையணை மேல் தலையணையாகக் கூரையைத் தொடுகிற மாதிரி அடுக்கு. அந்தக் கட்டிலில் யாரும் படுப்பதில்லை. அந்த அறைக்கே பெயர் "சுத்தமான அறை". விருந்தாளி, கல்யாணம், சாவு என்றால்தான் கதவு திறக்கும்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. அந்த ஊர் உடையை மட்டும் படத்தில் பார்த்துவிட்டு "நல்லா இருக்கு" என்று பூவை எடுத்துக் குர்த்தியில் போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். உடை, பெட்டி, கட்டில் மூன்றும் ஒரே பொருளின் மூன்று பக்கங்கள். பெண்ணுக்குச் சீராகச் சேர்த்த துணி உடம்பில் உடுத்தினால் உடை, வெளியே அடுக்கினால் கட்டில், உள்ளே வைத்தால் பெட்டி. பூவேலை எங்கே வர வேண்டும், எங்கே வரக்கூடாது என்பதை முடிவு செய்வதே அந்த அடுக்குதான். தலையணையில் அறையைப் பார்த்திருக்கும் ஓரத்தில் மட்டுமே தையல் இருக்கும். மேல்பக்கம் வெறும் துணி. மேலே இன்னொரு தலையணை வந்து மூடிவிடும்போது அங்கே எதற்கு நூலைச் செலவழிப்பது?

அந்த ஓரத் தையலின் பெயர் ஈராஷோஷ். ஹங்கேரிய மொழியில் "எழுதியது" என்று பொருள். பூவை முதலில் துணியில் எழுதுவார்கள், பிறகுதான் ஊசி. எழுதுவதற்கென்று ஊரில் ஒரு பெண் இருப்பார். புகைக்கரியைப் பாலில் குழைத்து, அளவுகோல் இல்லாமல், கையோட்டத்தில் துலிப், ரோஜா, நட்சத்திரம் என்று போட்டுக் கொடுப்பார். வாசலில் புள்ளி வைக்காமல் இழுக்கிற கைக்கோலம் போடத் தெரிந்தவருக்கு இந்த வேலையின் மதிப்பு புரியும். ஒரு துணிக்குப் பெரும்பாலும் ஒரே நிறம்: சிவப்பு, நீலம், கறுப்பு, சில இடங்களில் வெள்ளை.  1885-இல் புடாபெஸ்டில் நடந்த தேசியக் கண்காட்சிக்கு இதைக் கொண்டுபோய் நாடு முழுக்கத் தெரியவைத்தவர் ஜர்மதி ஷிகானே என்ற எழுத்தாளர்.

தைத்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் பொருள் எல்லாம் பக்கத்திலேயே கிடைக்கும். பர்கூர் ஜவுளிக் கடைகளில் கனமான காடாத் துணி வாங்குங்கள். அங்கே ஹெம்ப் என்ற செடியின் நாரில் (நம் சாக்குச் சணல் அல்ல) வீட்டிலேயே நெய்த துணியில் போட்டார்கள். காடா அதற்கு நெருக்கமான முரட்டுத்தனம் உடையது. வாங்கியதும் சுடுநீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கி, காயவைத்து, அதன் பிறகே வெட்ட வேண்டும். இதைத் தவிர்த்தால் முதல் சலவையில் துணி சுருங்கும், நூல் சுருங்காது, பூ மேடுமேடாக எழும்பி நிற்கும். பூவேலை நூலின் ஆறு இழையையும் பிரிக்காமல் சேர்த்தே கோர்க்கவும். சிவப்பு நூலானால் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை வந்தால் அந்த நூல் வேண்டாம். உப்பிலும் வினிகரிலும் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்பதை நம்பி இறங்காதீர்கள்.

தையல் இதுதான். 5 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு இணைகோடு போடுங்கள். ஊசியை இடக்கோட்டில் மேலே எடுங்கள். நேர் எதிரே வலக்கோட்டில் குத்தி, துணிக்கு அடியில் சாய்வாகக் கொண்டுபோய், இடக்கோட்டில் 3 மில்லிமீட்டர் கீழே முனையை வெளியே விடுங்கள். நூல் ஊசிமுனைக்கு அடியில் இருக்க வேண்டும். இப்போது இழுக்கும்போது கண்ணியைக் கொஞ்சம் தொளதொளவென்று விடுங்கள். அடுத்த குத்து அந்தக் கண்ணிக்குள்ளேயே, வலக்கோட்டில். அப்போதுதான் கண்ணி இரண்டு பக்கமும் விரிந்து ஏணி மாதிரி நிற்கும். நமக்குத் தெரிந்த சங்கிலித் தையலின் வாயைத் திறந்து வைத்தது என்று நினைத்துக்கொள்ளலாம்.

பழகுகிறவர்கள் செய்கிற பிழை ஒன்றே ஒன்று: சங்கிலித் தையலின் பழக்கத்தில் கண்ணியை இறுக்கிவிடுவது. இறுக்கினால் இரண்டு கோடும் நடுவில் வந்து சேர்ந்து துணி சுருக்கம் விழும். வளைவில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். உள்வளைவுப் பக்கம் 2 மில்லிமீட்டர், வெளிப்பக்கம் 4 மில்லிமீட்டர் என்று படியை மாற்றாவிட்டால் ஏணி சாய்ந்துகொண்டே போகும். முடிக்கும்போது கடைசிக் கண்ணியின் இரண்டு மூலையிலும் தனித்தனியே சின்னக் குத்து போட்டுக் கட்டவும். ஒரு மீட்டர் கோட்டுக்கு ஏறக்குறைய 6 மீட்டர் நூல் இழுக்கும். 8 மீட்டர் கண்டு ஒன்றில் 1 மீட்டர் 30 சென்டிமீட்டர்தான் வரும் என்று கணக்கிட்டு, மொத்த நூலையும் ஒரே தடவையில் வாங்குங்கள். அடுத்த மாதம் வாங்குகிற சிவப்பு வேறு சிவப்பாக இருக்கும். இஸ்திரி போடுவது பின்பக்கத்தில், அடியில் துண்டை விரித்து. நேராக மேலே தேய்த்தால் புடைத்து நிற்கிற நூல் தட்டையாகி அழகே போய்விடும்.

இனி பெட்டி. அதில் பழைய வகைக்கு ஆணியும் இல்லை, பசையும் இல்லை. பீச் மரத்தை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு அடித்து, நடுவிலிருந்து வெளிநோக்கிப் பிளப்பார்கள். அப்படிப் பிளந்த பலகை ஒரு ஓரம் தடியாகவும் மறு ஓரம் மெல்லியதாகவும் வரும். அதைக் குறையாக நினைக்காமல் வேலைக்கு வாங்கிக்கொண்டார்கள். தடித்த ஓரத்தில் பள்ளம் வெட்டி, அடுத்த பலகையின் மெல்லிய ஓரத்தை அதில் சொருகுவது. நான்கு மூலைக்கால்களிலும் நீளப் பள்ளம் வெட்டிப் பலகைகளை அதில் இறக்கி, மர முளை அடித்துப் பூட்டுவது. மூடி வீட்டுக்கூரை வடிவத்தில் இருக்கும். அது திரும்புவதும் மர முளையில்தான். மேற்பரப்பைக் கருமையாக்கிவிட்டு, கவராயமும் கீறு கருவியும் கொண்டு வட்டமும் கோடும் கீறினால் உள்ளே இருக்கும் வெளிர்நிறம் கோலமாகத் தெரியும்.

சாக்ஸன் கிராமமான ஹென்டார்ஃபின் தேவாலயப் பரணில் இப்படிப்பட்ட பெட்டிகள் நூற்றுக்கும் மேல் தப்பி நின்றன. சாக்ஸன்கள் 12-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரிய அரசன் இரண்டாம் கெய்சாவின் காலத்தில் வந்து குடியேறிய ஜெர்மானியர்கள். 1224-இல் அவர்களின் உரிமைகள் பட்டயமாக எழுதப்பட்டன. படையெடுப்புக்குப் பயந்து தேவாலயத்தைச் சுற்றிக் கோட்டை கட்டி, தானியம், பன்றிக் கொழுப்பு, நல்ல துணி எல்லாவற்றையும் அதற்குள் வைத்துக்கொண்டார்கள். 1990-க்குப் பிறகு அவர்களில் பெரும்பாலோர் ஜெர்மனிக்குப் போய்விட்டார்கள்.

இந்தப் பெட்டியை நம் ஊர் ஆசாரியிடம் செய்யச் சொன்னால் வேப்பம்பலகை நல்ல தேர்வு. மாம்பலகை நம் மாவட்டத்தில் மலிவு, ஆனால் மருந்து வைக்காவிட்டால் வண்டு துளைத்து மாவாக்கிவிடும். பள்ளம் 12 மில்லிமீட்டர் ஆழம், பலகை 9 மில்லிமீட்டர் மட்டும் உள்ளே போகட்டும், மீதி 3 மில்லிமீட்டர் காலியாக இருக்கட்டும். மரம் மழைக்கு ஊதும், பங்குனி வெயிலுக்குச் சுருங்கும். அந்த இடைவெளி அதற்காகத்தான். பழக்க தோஷத்தில் பள்ளத்துக்குள் பசை ஊற்றினால் பலகை நகர வழியில்லாமல் ரேகையோடு வெடிக்கும். இதை ஆசாரியிடம் இரண்டு தடவை சொல்லுங்கள்.

பூ எழுதிய பெட்டி பிற்காலத்தது. பைன் பலகையில் நகரத்துத் தச்சர்கள் செய்தது. கணு நிறைந்த மென்மரம் என்பதால் வண்ணம் அலங்காரம் மட்டுமல்ல, போர்வையும்கூட. நீலம், பச்சை, பழுப்பு என்று அடிவண்ணம், முன்பக்கத்தில் கட்டம், கட்டத்துக்குள் ஜாடியிலிருந்து எழும் துலிப், நடுவில் ஆண்டும் பெயரின் முதலெழுத்தும். கலோட்டாசெக்கின் ஹங்கேரியத் தேவாலயங்களில் 18-ஆம் நூற்றாண்டில் கூரைக் கட்டங்களுக்குப் பூ எழுதிய உம்லிங் குடும்பம் சாக்ஸன் தச்சர் குடும்பம். இது ஹங்கேரியப் பூ, அது சாக்ஸன் பூ என்று கோடு கிழிப்பது அதனால்தான் கடினம்.

ஓசூர்ப் பக்கம் தொழிற்சாலைகளிலிருந்து பழைய பேக்கிங் பைன் பலகை விலைக்கு வரும். அதில் ஹெச்.டி. (HT) என்று முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, வாங்கலாம். எம்.பி. (MB) என்றிருந்தால் நச்சுப்புகை போட்டது, விட்டுவிடுங்கள். கணுக்களின் மேல் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சை இரண்டு கை பூசி, 220 எண் உப்புத்தாளில் தேய்த்த பிறகே வண்ணம். இல்லையென்றால் ஆறு மாதத்தில் பிசின் மஞ்சள் வட்டமாக மேலே வந்து நிற்கும்.

பெட்டியின் உள்ளே ஒரு பக்கமாகச் சின்ன அறை ஒன்று இருக்கும், காசும் நகையும் வைக்க. அதன் பெயர் லாதஃபியா. "பெட்டியின் மகன்" என்று அர்த்தம். அம்மிக்குக் குழவி வைத்த நமக்கு இந்தப் பெயர் அந்நியமாகப் படாது.

உடையைப் பற்றிச் சுருக்கமாக. சாக்ஸன் பெண் 14 வயதை ஒட்டித் தேவாலயத்தில் திடப்படுத்தல் என்ற சடங்கு முடிந்ததும் போர்ட்டன் என்ற கறுப்பு வெல்வெட் உருளையைத் தலையில் வைப்பாள், பின்னால் நாடாக்கள் தொங்கும். கல்யாணத்தோடு அது இறங்கி, முக்காடு ஏறும். மெட்டியைப் பார்த்து நாம் தெரிந்துகொள்வதை அவர்கள் தலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். மார்பில் ஹெஃப்டல் என்ற வட்ட வெள்ளிப் பதக்கம், முலாம் பூசிக் கல் பதித்தது. கலோட்டாசெக் பெண்ணின் முசுய் என்ற கறுப்புப் பாவாடையின் முன்முனை இரண்டையும் தூக்கி இடுப்பில் சொருகுவார்கள். உள்ஓரத்தில் தைத்த சிவப்போ மஞ்சளோ அப்போதுதான் வெளியே தெரியும்.

ஆண்களின் சூர் என்ற முரட்டுக் கம்பளி அங்கி தளி, அஞ்செட்டிப் பக்கம் மார்கழியில் கம்பளியைக் கொங்காணி போட்டு ஆடு மேய்க்கிறவர்களுக்குச் சட்டென்று புரியும். கைகளுக்குள் கையை விடாமல் தோளில் போட்டுக்கொள்வது, கை நுனியைக் கட்டிப் பையாக்கிக்கொள்வது. நம் கம்பளிப் பாவுக்குப் புளியங்கொட்டைக் கஞ்சி போடுவார்கள். அவர்கள் நெய்த பிறகு தண்ணீர் ஆலையில் இடித்து இழைகளை ஒட்டவைப்பார்கள். வெட்டினாலும் ஓரம் பிரியாது. பெண் கேட்க வந்தவன் அந்த வீட்டில் மறந்த மாதிரி விட்டுப்போன சூர் மறுநாள் வாசலுக்கு வெளியே தொங்கினால் சம்பந்தம் இல்லை என்று அர்த்தம். "அவன் சூரை வெளியே வைத்துவிட்டார்கள்" என்பது துரத்திவிட்டதற்கு இன்றும் வழங்குகிற ஹங்கேரியச் சொலவடை.

தைத்து முடித்த துணியை வைக்கும் முறை: பூவேலை உட்பக்கம் வராமல், வெளிப்பக்கம் வளைகிற மாதிரி மடியுங்கள். அடியில் வெளுத்த காடா விரித்து, வேப்பிலையை நன்றாகக் காயவைத்து மெல்லிய துணியில் முடிந்து போடலாம். பச்சையாகப் போட்டால் கறை பிடிக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து நிழலில் உலர்த்தி, பழைய மடிப்பில் மடிக்காமல் வேறு இடத்தில் மடியுங்கள். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடந்தால் இழை அங்கேதான் முதலில் அறும்.