மார்க் பெலாங்கரின் கையுறை

மார்க் பெலாங்கர் 1970-களில் அமெரிக்க பேஸ்பால் அணியான பால்டிமோர் ஓரியோல்ஸின் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நின்று பந்தைத் தடுப்பவர்). 18 சீசனில் பேட்டிங் சராசரி வெறும் .228, ஹோம் ரன் மொத்தமே 20. ஆனால் சிறந்த ஃபீல்டிங்குக்கான கோல்டு கிளவ் விருது 8!

உருண்டு வரும் பந்துக்குக் கையுறை முன்கூட்டியே மண்ணைத் தொட்டிருக்க வேண்டும். பந்து எழும்பினால் கையை உயர்த்திக்கொள்ளலாம். மேலிருந்து இறக்கினால் அடியில் நழுவிவிடும். மூன்றாம் பேஸ் பக்கம் ஆழத்தில் புறங்கையாகப் பிடிப்பதுதான் உச்சக்கட்டச் சோதனை. வலது காலை ஊன்றி, முதல் பேஸுக்கு 120 அடிக்கு மேல் எறிய வேண்டும். பந்தை அடித்துவிட்டு முதல் பேஸுக்கு ஓடுபவருக்கு 90 அடி கடக்க நாலு நொடி சொச்சம்தான். பந்தைக் கையுறையிலிருந்து எடுக்கும்போது விரல் தடுமாறினால் ஆள் சேஃப், அதாவது அவுட் இல்லை.

பக்கத்தில் மூன்றாம் பேஸில் அதே அணியின் புரூக்ஸ் ராபின்சன். என்ன ஒரு ஜோடி! பெலாங்கர் 1998-இல், 54 வயதிலேயே போய்விட்டார்.