ஆசிரியர் ஒருவருக்குக் கல்வெட்டு எழுதும்போது

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் ஆகிய சடங்குகளை முடித்து மதிய போசனத்துக்கு வருபவர்களின் கையில் ஒரு நினைவு மலர் கொடுப்பது வழக்கம். ஊரில் இன்னும் கல்வெட்டு என்றுதான் சொல்வார்கள். அதில் பாதி தேவார திருவாசகம். மிச்சத்தில் பாதி அனுதாபச் செய்திகள். 35 வருடம் படிப்பித்து, நாலு பிள்ளைகளை ஆளாக்கிய மனிதருக்குக் கடைசியில் கிடைப்பது இரண்டு பக்கம். அந்த இரண்டு பக்கமும் "ஈழவள நாட்டின் சிரசெனத் திகழும் யாழ்ப்பாணத்தில் நீர்வளமும் நிலவளமும் ஒருங்கே அமையப்பெற்ற" என்று தொடங்கி, பிறந்த திகதிக்கு வரவே அரைப் பக்கம் போய்விடும். (நீர்வளம் இல்லாத ஊரில் எந்த ஆசிரியரும் பிறந்ததாக இதுவரை எந்தக் கல்வெட்டும் சொன்னதில்லை.)

ஆசிரியரின் கல்வெட்டு வீட்டுக்குள் மட்டும் இருக்கிற புத்தகம் இல்லை. பாடசாலைப் பதிவுகள் போரில் அழிந்துபோன ஊர்களில், எந்த ஆண்டில் யார் என்ன படிப்பித்தார் என்பதற்குப் பிறகு கிடைக்கிற சான்று அதுவாகவே இருக்கலாம். ஆகவே வர்ணனையைக் குறைத்து விபரத்தைக் கூட்டுங்கள்.

31 நாள் நிறைய என்று தோன்றும். செத்தவீடு, காடாத்து (சாம்பல் அள்ளுதல்), எட்டுச்செலவு (எட்டாம் நாள் சடங்கு) என்று முதல் எட்டு நாளும் போய்விடும். அச்சகத்துக்கு ஐந்து நாளாவது வேண்டும். கட்டுரைகள் 14ஆம் நாளுக்குள் கைக்கு வந்து, 20ஆம் நாளுக்குள் பக்க வடிவமைப்பு முடிந்து, 24ஆம் நாள் அச்சுக்குப் போனால்தான் 29ஆம் நாள் புத்தகம் வீட்டுக்கு வரும். கட்டுரை கேட்பதை எட்டுச்செலவு முடிந்த அன்றே தொடங்கிவிட வேண்டும்.

சேவை விபரம்தான் அதிகம் பிழைக்கிற இடம். பிள்ளைகளுக்கு அப்பா கடைசியாகப் படிப்பித்த இரண்டு பாடசாலைதான் நினைவிருக்கும். முதல் நியமனம் மலையகத்திலோ வன்னியிலோ கிடைத்தபோது அவர்கள் பிறந்தே இருக்கமாட்டார்கள். அம்மா இருந்தால் அவரிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் அப்பாவின் சகோதரங்களிடம். ஆண்டை அப்படியே எழுதிவிடாமல் கடதாசியோடு ஒப்பிடுங்கள். நம்பத் தகுந்தது ஓய்வூதியக் கோவை. ஓய்வூதியம் கணக்கிட முழுச் சேவைக்காலமும் வேண்டும் என்பதால், முதல் நியமனத் திகதியும் இடமாற்றங்களும் அதில் வரிசையாக இருக்கும். 1995 ஒக்டோபர் 30 வலிகாம இடப்பெயர்வோடு வீட்டிலிருந்த கடதாசியெல்லாம் போன குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் சுயவிபரக் கோவையைக் கேட்டுப் பார்க்கலாம். அவர் வேலை செய்த பாடசாலையில் சம்பவத் திரட்டுப் புத்தகம் (அன்றாட நிகழ்வுகளைப் பதியும் புத்தகம்) தப்பியிருந்தால், கடமையேற்ற நாளும் விலகிய நாளும் அதில் கிடைக்கக்கூடும். பாடசாலைகளின் பொன்விழா, நூற்றாண்டு மலர்களில் இருக்கும் ஆசிரியர் பட்டியலையும் பாருங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். அந்தப் பட்டியல்களும் பெரும்பாலும் யாரோ நினைவிலிருந்து சொன்னவைதான்.

பாடசாலைப் பெயரிலும் கவனம் வேண்டும். உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளை 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் அரசு பொறுப்பேற்றது. அதற்கு முன் அவற்றில் சேர்ந்தவர்களின் நியமனக் கடிதத்தில் இருப்பது பாடசாலையை நடத்திய முகாமையாளரின் கையெழுத்து. சைவப் பாடசாலைகளை நடத்திய சைவ வித்தியாவிருத்திச் சங்கத்தின் பாடசாலையில் தொடங்கியவரை "அரசாங்க ஆசிரியராக நியமனம் பெற்றார்" என்று எழுதினால் பிழை. அவர் கடமையாற்றிய காலத்துப் பெயரை முதலில் போட்டு, "இன்றைய" என்று சேர்த்து இப்போதைய பெயரைப் பக்கத்தில் கொடுங்கள். பட்டத்துக்கும் இதே விதிதான். 1963இல் பேராதனையில் படித்து வெளியேறியவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பட்டதாரி. பேராதனைப் பல்கலைக்கழகம் என்ற பெயர் அப்போது இல்லை. யாழ்ப்பாணத்தில் வளாகம் வந்தது 1974இல், அது தனிப் பல்கலைக்கழகமானது 1979இல்.

அடுத்தது மாணவர்களின் கட்டுரைகள். "சேரைப் பற்றி ஏதாவது எழுதித் தாங்கோ" என்று கேட்டால் பத்துப் பேரும் கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமைந்தவர் என்று எழுதி அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது; கேட்ட கேள்வி அப்படி. இப்படிக் கேட்டுப் பாருங்கள்: எந்த ஆண்டு, எந்த வகுப்பு? பின்னக் கணக்கு விளங்காதவனுக்குக் கரும்பலகையில் என்ன கீறிக் காட்டினார்? கொப்பி திருத்தும்போது பிழையை வெட்டிவிடுவாரா, கீழே கோடு போட்டு உங்களையே கண்டுபிடிக்கச் சொல்லுவாரா? சோதனைக்குக் காசு கட்ட வழியில்லாத பிள்ளைக்கு என்ன செய்தார்? ஒருவருக்கு இரண்டு கேள்வி, 300 சொல், ஒரு பக்கம். எழுத நேரமில்லை என்பவரிடம் வட்ஸ்அப்பில் குரற்பதிவு கேளுங்கள். எழுதுவதைவிட நன்றாகவே பேசுவார்கள். கேட்டு எழுத ஒரு மருமகளோ பேரனோ இருந்தால் போதும். பெரிய பதவியில் இருக்கும் மாணவர்களை மட்டும் தேடாதீர்கள். ஒரு வருடம் மட்டும் அவரிடம் படித்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனவரின் அரைப் பக்கம், பணிப்பாளர் ஒருவரின் வாழ்த்துச் செய்தியைவிடப் பெறுமதியானது.

அவரின் கையெழுத்து ஒரு பக்கமாவது அச்சில் வரவேண்டும். பழைய பாடக் குறிப்புப் புத்தகம் இருந்தால் விடவேண்டாம்: இடப்பக்கம் திகதியும் பாட அலகும், ஓரத்தில் சிவப்பு மையில் "இன்று முடியவில்லை, நாளை தொடர்க". இப்படி ஒரு வரி, அவர் எப்படிப் படிப்பித்தார் என்பதை நாலு அனுதாபச் செய்தியைவிடத் தெளிவாகக் காட்டும்.

குடும்பப் பக்கத்தில் பிள்ளைகள் தனித்தனியாக "அன்பு அப்பாவுக்கு" என்று கவிதை எழுதுவதை ஊக்கப்படுத்த வேண்டாம். நாலு கவிதையும் ஒன்றுபோல இருக்கும். வீட்டில் அவர் செய்த வேலைகளைப் பிரித்துக் கொடுங்கள். சம்பளக் காசை எப்படிப் பங்கிட்டார், பின்னேரம் விறாந்தையில் யார் யாருக்குப் பாடம் சொன்னார், வெளிநாடு போன பிள்ளைக்குக் கடிதத்தில் என்ன எழுதுவார் என்று ஆளுக்கொன்று. வம்சாவளியில் மனஸ்தாபத்தால் பேசாமல் இருப்பவர்களின் பெயரும் வரவேண்டும். விடுபட்ட பெயரால் 31இல் தொடங்குகிற சண்டை பல வருடம் நிற்கும். உயிரோடு இருப்பவர்களின் முழுப் பிறந்த திகதியைப் போடாதீர்கள். வங்கிகள் ஆளை உறுதிப்படுத்தக் கேட்பது அதையும் தாயின் கன்னிப் பெயரையும்தான், கல்வெட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடும்.

இறந்த நாளைப் பாட்டாகச் சொல்லும் திதி வெண்பாவில் வருடம், மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா என்பது), திதி நாலும் வரும். வெளிநாட்டில் இறந்தவருக்கு இங்கேதான் தவறு நேரும். கோடையில் ரொறன்ரோவில் இரவு 9 மணி என்றால் இலங்கையில் மறுநாள் காலை 6.30. ஊர்ப் பஞ்சாங்கத்தை ரொறன்ரோ நேரத்துக்கு அப்படியே பார்த்தால் திதி மாறிவிடலாம். வாக்கியம், திருக்கணிதம் என்ற இரண்டு பஞ்சாங்கத்துக்கும் வித்தியாசம் வரும் நாள்களும் உண்டு. வருடாவருடம் திவசம் செய்யப்போகும் குருக்களிடம் முதலில் கேட்டுவிட்டு வெண்பா எழுதக் கொடுங்கள். ஏப்ரல் நடுப்பகுதி இறப்பென்றால் வருடப் பெயரையும் பாருங்கள்: 2025 ஏப்ரல் 14க்கு முன் குரோதி, அதன் பின் விசுவாவசு.

திருமுறைப் பகுதியைப் பழைய கல்வெட்டிலிருந்து பிரதி பண்ணினால் அதிலிருந்த எழுத்துப்பிழையும் கூடவே வரும். சிவபுராணம் 95 அடி. எண்ணிப் பார்த்தாலே விடுபட்டது தெரியும்.

அச்சுக்கு ஏ5 அளவு போதும். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்க எண்ணிக்கை நாலால் பிரிபட வேண்டும். 61 பக்கம் எழுதினால் மூன்று வெறும் பக்கம். 80 பக்கத்துக்கு மேல் போனால் கம்பி அடித்த புத்தகம் மூடி நிற்காது, முதுகில் பசை போட்டு ஒட்டும் ஒட்டுக்கட்டுக் கேளுங்கள். படம் 10 சென்ரிமீற்றர் அகலத்தில் வரவேண்டுமென்றால் குறைந்தது 1,200 பிக்சல் அகலம் தேவை. வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கட்டுரைகள் சில பழைய பாமினி எழுத்துருவிலும் சில யூனிகோட்டிலும் வரும். பாமினியிலிருந்து மாற்றும்போது இடையிலுள்ள ஆங்கிலச் சொற்கள் பொருளில்லாத தமிழெழுத்தாகிவிடும். ஆகவே புரூப்பை மாற்றிய பிறகுதான் பார்க்கவேண்டும், அதுவும் கடதாசியில், அந்த வீட்டைச் சேராத ஒருவர்.

வீட்டுக்கு ஒன்று என்று கணக்குப் பண்ணி, மேலே ஐம்பது சேருங்கள். 80 கிராம் தாளில் 64 பக்கப் புத்தகம் மட்டையோடு ஏறக்குறைய 95 கிராம். 300 பிரதி 28 கிலோவைத் தாண்டும் என்பதால் லண்டனுக்குக் கொண்டுபோகிறவரின் பொதியில் அத்தனையும் அடங்குவது கடினம். அவர் படிப்பித்த ஒவ்வொரு பாடசாலை நூலகத்துக்கும் ஒரு பிரதி போகட்டும். அச்சுக்குக் கொடுத்த பிடிஎஃப்பை அச்சகத்திடம் கேட்டு வாங்கி, நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்துக்கும் அனுப்புங்கள். அங்கே நினைவு மலர்களும் சேர்க்கப்படுகின்றன. பிடிஎஃப்பைப் புத்தகம் கைக்கு வந்த அன்றே வாங்குங்கள். ஆட்டத்திவசத்துக்கு (முதலாண்டுத் திவசத்துக்கு)ப் போய்க் கேட்டால் அந்தக் கணினியே மாறியிருக்கும்.