துள்ளும் தாரை

மார்ச் 4
எண்ணெய்த் தாரை அதே எண்ணெயின் மேல் விழுந்து துள்ளுமா என்று பார்க்கப்போகிறேன். எண்ணெய் வந்துவிட்டது, 100 செண்டிஸ்டோக்ஸ் (பிசுபிசுப்பின் அளவு) சிலிகான். கேமரா வரும்வரை வெறும் கண்தான்.

மார்ச் 5
எண்ணெய் நிரப்பிய சுழல்தட்டு நிற்கும்போது, மேலிருந்து ஊற்றும் தாரை சத்தமில்லாமல் இறங்கிக் கலந்துவிடுகிறது. தட்டைச் சுழலவிட்டு, எண்ணெய் முழுக்க அதோடு சேர்ந்து ஓடும்வரை பொறுத்து, நடுவிலிருந்து 10 செ.மீ. தள்ளி ஊற்றினேன். நிமிடத்துக்கு 15 சுற்று என்றால் அந்த இடத்தில் ஓட்டம் நொடிக்கு 16 செ.மீ. இருக்கும். அப்போதும் மூழ்கத்தான் செய்தது. அப்புறம் ஒரு மெல்லிய கம்பியை, ஓட்டம் போகும் பக்கமாகவே, தாரையின் ஊடே ஒரு தடவை இழுத்தேன். அவ்வளவுதான், தாரை பரப்பில் குழி போட்டு, அதில் வழுக்கி, வளைந்து மேலே எழும்பித் தள்ளிப்போய் விழுந்தது. அதே எண்ணெய், அதே எண்ணெயின் மேல்!

மார்ச் 6
கேமரா பற்றித் தகவல் இல்லை.

மார்ச் 8
தூக்கம் வரவில்லை, தாரையைத் துள்ளவைக்கும் காற்றேதான் நினைப்பு. விழுகிற எண்ணெய்க்கும் ஓடுகிற எண்ணெய்க்கும் நடுவே மெல்லிய காற்றுப் படலம். பழைய காற்று பிதுங்கி வெளியேறுவதற்குள் ஓடும் பரப்பு புதுக் காற்றை இழுத்து வந்துவிடுகிறது. தட்டு நின்றால் வரத்தும் நிற்கும், படலம் கிழியும், கலந்துவிடும். 1963இல் ஆர்தர் கே என்ற பொறியாளர் சொன்ன துள்ளல் வேறு சங்கதி. அது ஷாம்பூ மாதிரி, தேய்த்தால் இளகும் திரவங்களுக்கு. அவை அசையாமல் கிடக்கும் திரவத்தின் மேலேயே துள்ளும். என்னுடைய எண்ணெய் அப்படி இளகாது. இப்படி இளகாத திரவமும் துள்ளும், ஆனால் அடியில் ஓட்டம் வேண்டும் என்று 2007இல் டெக்சாஸ் பல்கலைக்கழகக் குழு காட்டியது. எனக்கு அதுதான் பெரிய அதிசயம்.

மார்ச் 9
தட்டின் கண்ணாடிச் சுவர் வழியே கீழிருந்து சாய்வாகப் பார்த்தேன். குழியின் அடி பாதரசம் பூசினாற்போல் மின்னுகிறது. எண்ணெயும் எண்ணெயும் தொட்டுக்கொண்டிருந்தால் ஒளி திரும்ப அங்கே எதுவுமே இல்லை. காற்று இருப்பதால்தான் முழு அக எதிரொளிப்பு, அதாவது சாய்வாக வரும் ஒளி காற்றுக்குள் போகாமல் முழுக்க எண்ணெய்க்குள்ளேயே திரும்புவது. கலந்த கணமே மினுக்கம் போய்விடுகிறது. எங்கிருந்து கிழிகிறது என்பது மட்டும் கண்ணுக்குப் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

மார்ச் 11
வேகத்தைக் கூட்டினால் துள்ளல் போய், தாரை பரப்பின்மேல் படுத்தபடி இழுபடுகிறது. கேமரா நாளையாம்.

மார்ச் 12
வரவில்லை.

மார்ச் 13
இயற்பியலாளர் ரேலி 1879இலேயே எழுதியிருக்கிறார்: மோதும் நீர்த்தாரைகள் ஒட்டாமல் துள்ளி விலகும், கொஞ்சம் மின்னேற்றம் பட்டால் சேர்ந்துவிடும். அங்கேயும் நடுவில் காற்றுதான். சரி, தேய்த்த சீப்பை என் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும்.

மார்ச் 14
வந்துவிட்டது! முதலில் கிழிவதைத்தான் படம் பிடிக்கப்போகிறேன், சீப்பு அப்புறம்.