படம் எடுக்கிற இடம்

பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குப் பதிவு செய்யப் போன நாளில் என் நெறியாளர் கேட்டது ஒரே கேள்விதான்: "கட்டடம் பார்த்தாயிற்றா?" கல்யாணத்துக்கு மண்டபம் பார்த்தாயிற்றா என்று கேட்பதைப் போல இருந்தது. கட்டடத்துக்குள் வழிகாட்டும் முறை என்று தலைப்பை அழகாகத் தட்டச்சு செய்து எடுத்துப் போயிருந்தேன். அல்காரிதம், சென்சார் வலையமைப்பு, பொருளறிந்து பதில் சொல்லும் சேவை எல்லாம் அதில் இருந்தன. கட்டடம் மட்டும் இல்லை.

காட்பாடி பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே செய்த ஆய்வு இது. முதலில் கல்லூரிக் கட்டடத்திலேயே செய்துவிடலாம் என்று நினைத்தேன். நெறியாளர் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்கள் மாணவர்களுக்கு வகுப்பு எங்கே என்று தெரியும். வழி தெரியாதவர்கள் வரும் இடத்துக்குப் போங்கள்" என்றார். வேலூரில் வழி தெரியாதவர்கள் வரும் இடம் என்றால் வேறென்ன? 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒரே படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையால் இந்த ஊருக்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். காந்தி ரோட்டு லாட்ஜுகளில் வங்காள எழுத்துப் பலகையைப் பார்க்காதவர் இங்கே இல்லை. ஆனால் நான் வேலை செய்தது அந்தப் பெரிய மருத்துவமனையில் அல்ல. அதைவிட மிகச் சிறிய, வேறொரு மருத்துவமனை. பெயர் வேண்டாம். அனுமதிக் கடிதம் மேசை மேசையாக ஏழு மாதம் அலைந்தது என்பதோடு அந்தக் கதையை விட்டுவிடுகிறேன்.

அந்த ஏழு மாதத்தில் படிக்க நேரம் கிடைத்தது. எங்கும் நிறைந்திருக்கும் கணினி என்ற எண்ணத்தை ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் இருந்த மார்க் வைசர் 1991இல் எழுதினார். நல்ல தொழில்நுட்பம் கண்ணுக்குத் தெரியாமல் வாழ்க்கைக்குள் கரைந்துவிடும் என்பது அவர் கட்சி. ஏறக்குறைய அதே காலத்தில் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தார், ஊழியர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு வில்லையைச் செய்தார்கள். அது 15 விநாடிக்கு ஒருமுறை அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, ஆள் எந்த அறையில் இருக்கிறார் என்று காட்டிக்கொடுக்கும். இதெல்லாம் படிக்கச் சுகமாக இருக்கும்.

ஜிபிஎஸ் போதாதா என்று வீட்டிலேயே கேட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குப் போயிருந்தபோது ஜலகண்டேஸ்வரர் கோயில் மண்டபத்தின் கல் கூரைக்குக் கீழே நின்று கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். நீலப் புள்ளி கொஞ்ச நேரம் தத்தளித்துவிட்டு அகழித் தண்ணீரில் போய் நின்றது. "நீங்கள் இப்போது முதலைக்குப் பக்கத்தில் இருக்கிறீர்கள்" என்றான் என் மகன். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளிலிருந்து வரும் சிக்னல் தரையைத் தொடும்போதே மெலிந்து போயிருக்கும். கல்லும் கான்கிரீட்டும் குறுக்கே வந்தால் மிச்சமும் போய்விடும்.

வைஃபையை வைத்து இடம் கண்டுபிடிக்கலாம் என்பதுதான் என் முதல் திட்டம். 2000இல் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 'ரேடார்' என்ற பெயரில் செய்து காட்டியது அதைத்தான். ஒவ்வொரு இடத்திலும் சிக்னல் எவ்வளவு வலுவாகக் கிடைக்கிறது என்று முன்கூட்டியே அளந்து பதிந்துவைப்பது; பிறகு யாராவது அங்கே வந்தால், அவர் கைப்பேசிக்குக் கிடைக்கும் அளவோடு ஒப்பிடுவது. கைரேகை பார்ப்பதைப் போலத்தான். மூன்றே வைஃபை நிலையங்களோடு இரண்டு மூன்று மீட்டர் பிழைக்குள் வந்துவிட்டார்கள். எனக்கு வாய்த்த தடை வேறு. ஆண்ட்ராய்டு 9 முதல், ஒரு செயலி இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைக்கு மேல் வைஃபையைத் தேட முடியாது. நடக்கிறவருக்கு அரை நிமிடத்துக்கு ஒருமுறை வழி சொன்னால் அவர் அதற்குள் வேறு பிரிவுக்கே போய்விடுவார். ஆறு வாரம் எழுதிய நிரலைத் தூக்கி வைத்துவிட்டு ப்ளூடூத் பீக்கனுக்கு மாறினேன். தீப்பெட்டி அளவு பெட்டி, உள்ளே ஒரு பட்டன் பேட்டரி. 'நான் இன்ன எண்' என்று விடாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். மூன்று தளங்களுக்கு 38 வாங்கினேன். சொந்தக் காசு.

பிறகு அளக்கும் வேலை. நோயாளிகள் வருவதற்கு முன், விடியற்காலை ஐந்திலிருந்து ஏழு வரைதான் அனுமதி. முதல் நாள் தரையில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தேன். மறுநாள் தரை துடைத்தவர்கள் அத்தனையையும் சுத்தமாக்கியிருந்தார்கள். அதன் பிறகு டைல்ஸ்தான் என் அளவுகோல். இரண்டடி டைல்ஸ், மூன்றுக்கு ஒரு புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலும் நான்கு திசையையும் பார்த்து, திசைக்கு முப்பது விநாடி, கைப்பேசியை மார்புக்கு நேராகப் பிடித்தபடி அசையாமல் நிற்க வேண்டும். 212 புள்ளிகள். இரவுப் பணி முடித்து வெளியேறும் செவிலியர்கள், சுவரைப் பார்த்துக் கைப்பேசியை ஏந்தி நிற்கும் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வேண்டுதல் என்று நினைத்திருக்கலாம்.

ஒன்பது விடியற்காலைகளில் முடித்தேன். சோதித்துப் பார்த்தால் பிழை இரண்டு மீட்டர்தான். அன்று மாலை பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் வீட்டாருக்கெல்லாம் ஸ்வீட் வாங்கிக்கொண்டு போனேன். மறுநாள் காலை பதினொரு மணிக்கு அதே இடத்தில் சோதித்தபோது, மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்த என்னை என் செயலி பிரசவ வார்டில் காட்டியது.

காரணம் மனிதர்கள். ப்ளூடூத் ஓடும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் நன்றாக விழுங்கும். உடம்பில் பெரும்பகுதி தண்ணீர். விடியற்காலையில் மைனஸ் 66 என்று வந்த சிக்னல் அளவு (மைனஸ் எண் கூடக் கூட சிக்னல் மெலிவு), எனக்கும் பீக்கனுக்கும் நடுவே நாற்பது பேர் நின்றபோது மைனஸ் 80ஐத் தொட்டது. காலிக் கட்டடத்தின் கைரேகையை எடுத்துவைத்துக்கொண்டு கூட்டத்தில் ஆளைத் தேடியிருக்கிறேன். கட்டுரைகளில் 'மனித நடமாட்டத்தால் சற்றே மாறலாம்' என்று ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். திங்கட்கிழமை வெளிநோயாளிகள் பிரிவுக்கு வந்து பார்த்துவிட்டு அந்தச் 'சற்றே'யை எழுதட்டும்.

இதைச் சரிசெய்ய ஓராண்டு ஆனது. கூட்ட நேரத்துக்குத் தனிப் பதிவு எடுத்தேன். கைப்பேசியின் அசைவு உணரியை வைத்து அடிகளை எண்ணினேன். சுவரை ஊடுருவி யாரும் நடக்க முடியாது என்பதையும் கணக்கில் சேர்த்தேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் திசைகாட்டி கிறுகிறுத்ததற்கும் ஒரு ஒட்டு வைத்தேன். ஒருவழியாக நான்கு மீட்டருக்குள் வந்தது.

நடுவே மே மாதம் வந்தது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருபுறமும் ஒட்டும் டேப்பில் பீக்கன்களை ஒட்டியிருந்தேன். டேப் விடவில்லை, சுவர்தான் விட்டது: வெள்ளையடித்த பொடியோடு பெயர்ந்து விழுந்தது. அந்த வாரம் செயலி எல்லாரையும் கொண்டுபோய் நடு முற்றத்து வேப்பமரத்தில் ஏற்றியது. இரண்டு நாள் நிரலைத் திட்டிவிட்டு நேரில் போனேன். துப்புரவுப் பணியில் இருந்த அக்கா, கீழே கிடந்த ஒன்பது பீக்கன்களையும் பத்திரமாகப் பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, துடைப்பம் வைக்கும் அறையில் ஆணியில் மாட்டியிருந்தார். "உங்களுடையதுதானே மேடம்? குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளப் போகிறதே என்று எடுத்துவைத்தேன்." ஒன்பது பேரும் ஒரே பைக்குள்ளிருந்து 'நான் எக்ஸ்ரே வாசல்', 'நான் படிக்கட்டு' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

பேட்டரியும் அப்படித்தான். விநாடிக்குப் பத்து முறை சிக்னல் விடும்படி வைத்திருந்தேன். இரண்டரை மாதத்தில் வரிசையாக உயிரை விட்டன. ஏணி போட்டு 38 பேட்டரி மாற்றிய பிறகு, விநாடிக்கு ஒன்று போதும் என்று புத்தி வந்தது.

இவ்வளவுக்குப் பிறகுதான் முதன்முதலாக உண்மையான நோயாளி ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்தேன். குடியாத்தத்திலிருந்து வந்திருந்த பாட்டி. கண் பார்வை நன்றாகத்தான் இருந்தது. குரலிலும் சொல்லும்படி செய்திருந்தேன். "12 மீட்டர் நேராகச் செல்லவும்" என்றது செயலி. பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். "மீட்டரெல்லாம் எனக்கு எதற்குக் கண்ணு? எந்தக் கதவு என்று சொல்." நான் வாயைத் திறப்பதற்குள் நுழைவாயில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அட்டெண்டர், "பிள்ளையார் படம் தாண்டி, தண்ணீர்க் குழாய்க்கு எதிர்க் கதவு" என்றார். பாட்டி போயே போய்விட்டார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான்கு மீட்டரை மூன்றாக்குவது எப்படி என்று மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். அட்டெண்டர் மீட்டரே இல்லாமல் அனுப்பிவிட்டார். மறுநாள் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போய் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பதினொரு நாள்.

அங்கே யாரும் 'ரேடியாலஜி' என்று கேட்கவில்லை. 'படம் எடுக்கிற இடம்' என்றார்கள். 'ரத்தம் குத்துகிற ரூம்', 'பெரிய டாக்டர் ரூம்', 'பச்சைச் சீட்டு கொடுக்கிற இடம்' என்றார்கள். 'நேற்று என் தம்பியைப் படுக்கவைத்த இடம்' என்று ஒருவர் கேட்டார். அதற்கும் அட்டெண்டர் அண்ணனிடம் பதில் இருந்தது. வங்காளிகள் வந்தால் "ரொக்தோ?" என்று இவரே கேட்டு, ரத்தப் பரிசோதனைக்குக் கையைக் காட்டினார். முதல் மாடி என்று பழைய கட்டடத்தில் சொல்வது, சரிவுப் பாதை வழியாகப் புதுக் கட்டடத்துக்குப் போனால் இரண்டாம் தளமாகிவிடும். ஆகவே அவர் மாடி எண்ணையே சொல்வதில்லை. "நீங்கள் எழுதிக்கொண்டே இருக்கிறீர்கள், இதற்குச் சம்பளம் உண்டா அம்மா?" என்று மூன்றாம் நாள் கேட்டார். இல்லை என்றதும் டீ வாங்கிக் கொடுத்தார்.

பொருளறியும் சேவை என்று தலைப்பில் எழுதியிருந்தேனே, அதன் பொருள் அந்த நோட்டில்தான் எனக்குப் புரிந்தது. ஆன்டாலஜி என்பார்கள்: எது எது இருக்கிறது, எதற்கும் எதற்கும் என்ன உறவு என்று கணினிக்குப் புரியும்படி எழுதிவைப்பது. அதற்கான ஓடபிள்யூஎல் மொழியை, இணையத்துக்குத் தரம் வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2004இல் பரிந்துரைத்தது. சென்சார்களை விவரிக்கவென்றே ஒன்றை 2017இல் வெளியிட்டது. அதை எடுத்துக்கொண்டு என் பீக்கன்களை விவரித்து முடிக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது. மருத்துவமனையை விவரிக்கத்தான் ஐந்து மாதம்.

ஓர் உதாரணம். மருந்தகம் ஓர் இடம். அங்கே மருந்து கொடுக்கும் சேவை நடக்கிறது. அந்தச் சேவைக்கு ரசீது வேண்டும். ரசீது பணம் கட்டும் இடத்தில் கிடைக்கும். பணம் கட்ட மருத்துவர் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். இந்த ஐந்து வரியும் எழுதப்பட்டுவிட்டால், 'மாத்திரை வாங்க வேண்டும்' என்பவரைச் செயலி நேராக மருந்தகத்துக்கு அனுப்பாது. கையில் ரசீது இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, இல்லையென்றால் பணம் கட்டும் இடத்துக்கு அனுப்பும். ஒரு மணிக்கு அந்தச் சன்னல் மூடும் என்பதும் எழுதியிருந்தால், 'இப்போது போகாதீர்கள்' என்றும் சொல்லும். குறுகிய வழி கண்டுபிடிக்க 1959இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட முறை இன்றும் போதும். ஆனால் சக்கர நாற்காலியில் வருகிறவருக்குப் படிக்கட்டு வழி என்பதே இல்லை என்று யாராவது அதற்குச் சொல்ல வேண்டும். அதையும் அட்டெண்டர்தான் சொன்னார்: "மூட்டுவலிக்காரரைக் கொஞ்சம் சுற்றினாலும் சரிவுப் பாதையில் அனுப்புங்கள்."

மீட்டரை எடுத்துவிட்டுப் பிள்ளையார் படம், தண்ணீர்க் குழாய், எடை பார்க்கும் இயந்திரம் என்று அடையாளங்களைச் செயலியில் போட்டேன். அதன் பிறகு 21 பேரிடம் சோதித்தபோது, வழியில் நின்று இன்னொருவரைக் கேட்டவர்கள் ஆறு பேர். முன்பு ஏறக்குறைய எல்லாருமே கேட்டார்கள்.

முதல் கட்டுரை திரும்பி வந்தது. பிழை மீட்டரில் மற்றவர்களைவிடக் குறைவாக இல்லையே என்று கேட்டிருந்தார்கள். இரண்டாவதை வேறு இடத்துக்கு அனுப்பி ஏற்கவைத்தேன். ஆய்வேடு, அச்சு, கட்டணம், கையெழுத்து என்று நான்கு மாதம். வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித் தேர்வாளர் முக்கால் மணி நேரம் அந்தச் சொற்பட்டியலைப் பற்றியே பேசினார். கடைசியில், "நீங்கள் போன பிறகு பேட்டரியை யார் மாற்றுவார்கள்?" என்று கேட்டார். யாரும் மாற்ற மாட்டார்கள் ஐயா, கழற்றிவிடப் போகிறேன் என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அப்படியே ஒரு ஞாயிறு ஏணியோடு போய்க் கழற்றினேன். 37 கிடைத்தன. 17ஆம் எண்ணைக் காணவில்லை. அது எக்ஸ்ரே வாசல் மேல் இருக்க வேண்டியது. அங்கே இப்போது புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். துடைப்ப அறையிலும் பார்த்தாயிற்று. போன மாதம் அம்மாவைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு அங்கே அழைத்துப் போனபோது, பழைய சோதனைச் செயலியைச் சும்மா திறந்து பார்த்தேன். 17, மைனஸ் 84. உயிரோடுதான் இருக்கிறது. அட்டெண்டரிடம் கேட்டேன். "அது இங்கேதான் எங்கேயாவது இருக்கும் அம்மா" என்றார்.